நீ வாங்கித் தந்த நிமிடங்கள்

கண்டக்டரே,

இன்று காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், அவித்த வேர்க்கடலை வாசனை, உன் பேச்சில் சொன்னால் மல்லாட்டை வாசனை, முகத்தில் வந்து அடித்தது. நடைமேடை ஓரம் ஒரு அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. புது மல்லாட்டை வரத் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. நான் வழியை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டி என்னைத் திட்டினான். வழக்கமாக என்றால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். என் வாய் உனக்குத் தெரியாததா? இன்று வாய் எழவில்லை. நீ போய் இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் வாசனை மட்டும் தனியாகத் திரும்பி வந்துவிட்டது.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு உன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். இரண்டுக்கும் வேறு வேறு முதலாளி. முன் வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் பின் வண்டிக்கு ஆள் கிடையாது. தனியார் பஸ்ஸில் வேலை செய்கிறவனுக்கு அந்த ஒரு நிமிடம்தான் சோறு. கலெக்‌ஷன் குறைந்தால் மறுநாள் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். அன்று விக்கிரவாண்டியில் நீ ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஆற அமர ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் என் வண்டியை உன் வண்டிக்குக் குறுக்கே போட்டுவிட்டு இறங்கி வந்து உன் பரம்பரையையே இழுத்துப் பேசினேன். நீ மட்டும் சளைத்தவனா? உன் வாயிலிருந்து வந்ததை இந்த மடலில் எழுத முடியாது. கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் தலை சாய்த்திருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கை நிறைய அவித்த மல்லாட்டை.

"துன்னு டிரைவரே. நம்ம கொல்லையில வெளஞ்சது. காலையில இருந்து ஒண்ணும் துன்னல இல்ல நீ? பசியிலதான் அந்தக் கத்து கத்தின."

எனக்கிருந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி உன் மூஞ்சியிலேயே எறிந்திருக்க வேண்டும். பசி விடவில்லை. நான் உரித்துத் தின்று முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு அப்புறம்தான் கேட்டாய். "ஒரு நிமிஷத்துக்காக நீயும் நானும் நாய் மாதிரி அடிச்சிக்கினு இருக்கிறோமே, இந்த நிமிஷத்த யாரு கம்மி பண்ணி வச்சது? நீயா, நானா?"

அந்த வாரமே, நீ ஆள் சேர்த்துக்கொண்டிருந்த பஸ் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தேன்.

நீ ஆள் சேர்க்கிற முறை உலகத்தில் எந்தச் சங்கத்திலும் இருக்காது. சிரித்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போடுகிறவனை நீ அவசரப்பட்டுச் சேர்க்கவே மாட்டாய். காலையில் எவன் உன்னோடு டைமிங் சண்டை போட்டானோ அவனைத்தான் மத்தியானம் தேடிப் போவாய், மல்லாட்டைப் பையோடு. "சண்ட போடறவனுக்குத்தான்யா வேல மேல அக்கற. சும்மா சிரிக்கிறவன் சங்கத்துக்கு வந்தும் சும்மா சிரிச்சிக்கினு இருப்பான்" என்பாய். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நான் கிண்டல் செய்வேன். மல்லாட்டை இல்லாத மாசத்தில் உன் வீட்டுக்கார அம்மா சுட்டுத் தந்த கேப்பை அடை வரும். சங்கக் கொடிக்குப் பதிலாக ஒரு மல்லாட்டைச் செடியை நட்டு வைத்துவிடு என்றேன். அதுவும் நல்ல யோசனைதான் என்று நீ யோசிக்கிற மாதிரி நடித்தாய். நமக்கு டெப்போ உண்டா, ஆபீஸ் உண்டா? கூட்டம் என்றால் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரோரம்தான். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டுதான் ஒவ்வொருத்தனாகச் சேர்ந்தோம். அத்தனை பேரும் ஒருவனை ஒருவன் திட்டித் தீர்த்தவர்கள்.

சேர்ந்து என்ன ஆகப்போகிறது என்பது செல்வத்தின் விஷயத்தில்தான் தெரிந்தது. செல்வம் எனக்கு அடுத்த வண்டியின் டிரைவர், பரம சாது. கூட்டேரிப்பட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுகிற நேரத்தில் வேகம் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். தினமும் லேட்டாக வருகிறாய், கலெக்‌ஷன் இல்லை, இனி வராதே என்று அவனை இறக்கிவிட்டார்கள். மற்ற முதலாளிகளும் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சுவரோரம் வந்து நின்று அவன் அழுதான்.

நீதான் சொன்னாய். "அவன எறக்கினது மொதலாளி இல்ல, நேரம். நேரத்த கூட்டாம அவன மட்டும் ஏத்தினா, நாளைக்கு இன்னொருத்தன எறக்குவாங்க." செல்வத்தை மறுபடி ஏற்ற வேண்டும், விழுப்புரம் திண்டிவனம் ஓட்ட நேரத்தைக் கூட்ட வேண்டும், அதுவரை இந்தத் தடத்தில் தனியார் வண்டி எதுவும் எடுப்பதில்லை என்று முடிவானது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் துளிகூட நம்பிக்கை இல்லை. எல்லா வண்டியும் நிற்கிறபோது ஒரே ஒரு வண்டி கிளம்பினால் அதற்கு அடிக்கிற யோகத்தை யோசித்துப் பார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். அடுத்தவன் கூட்டத்தை அள்ளியே பிழைத்தவர்கள் நாம். முதல் நாள் காலை விழுப்புரம் ஸ்டாண்டில் ஒவ்வொருத்தனும் பக்கத்து வண்டியின் டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லோர் சாவியையும் வாங்கி வைத்துக்கொள் என்று நான் உன் காதில் சொன்னேன். "சாவிய புடுங்கி வச்சிக்கினா எனக்கும் மொதலாளிக்கும் இன்னாயா வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, நீ பாட்டுக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாய். ஒரு வண்டியும் அசையவில்லை.

மறுநாள் மத்தியானம் முதலாளிகள் பேசக் கூப்பிட்டார்கள். உன்னோடு இரண்டு பேர் போனார்கள். திரும்பி வந்து, "நேரம் கூட்றாங்க. செல்வத்த ஏத்திக்கிறாங்க" என்றாய். ஸ்டாண்டே அதிர்கிற மாதிரி எல்லோரும் விசில் அடித்தார்கள். உன்னோடு போனவர்கள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர்தான் விஷயத்தை உடைத்தார். இனி உன்னை எந்த வண்டியிலும் வேலைக்கு ஏற்றமாட்டார்கள். அதுதான் அவர்கள் கேட்டது. நீ அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

"அப்படின்னா எவனும் வண்டி எடுக்க வேணாம்! இன்னும் எத்தினி நாள் ஆனாலும் ஆவட்டும்!" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

"அத்தினி நாளும் செல்வம் வூட்ல அடுப்பு எரியணுமே டிரைவரே. எனக்குக் கொல்ல இருக்குது, வெதச்சா மல்லாட்ட இருக்குது. அவனுக்கு இன்னா இருக்குது?"

"உன்ன எறக்கி உட்டுட்டு நான் எப்படியா ஓட்டுவேன்?"

"எப்பவும் போல ஓட்டு. வேகமா போவாத, அவ்ளோதான்."

அடுத்த நாள் காலை என் வண்டி கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. கூட்டம் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கியர் போட மனசு வரவில்லை. என் கண்டக்டரும் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றான். நீ ஸ்டாண்டில் கீழே நின்றிருந்தாய். காக்கிச் சட்டை இல்லை, வீட்டில் போடுகிற கோடு போட்ட சட்டை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பையிலிருந்து உன் விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினாய். என் வண்டியின் தகரத்தில் தட்டி, "போலாம் ரைட்!" என்றாய்.

வண்டியை எடுத்துவிட்டு இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு விசில் கொடுத்த கண்டக்டர் ஓடி வந்து படியில் தொற்றிக்கொள்வதுதானே வழக்கம். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். வண்டி திரும்புகிற வரைக்கும் கண்ணாடிக்குள் நின்றாய். விக்கிரவாண்டி வரைக்கும் எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கண்டாச்சிபுரம் பக்கத்து உன் கொல்லை நிலமே கதி என்று இருந்துவிட்டாய். எப்போதாவது திண்டிவனத்தில் வேலை இருந்தால் என் வண்டியில் ஏறுவாய். டிக்கெட் வேண்டாம் என்றால் சண்டைக்கு வருவாய். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, என் கண்டக்டர் விசில் ஊதுவதில் இரண்டு குற்றம் கண்டுபிடிப்பாய். ஒருநாள் கேட்டேன், வருத்தமில்லையா என்று. "வருத்தம்லாம் ஒண்ணும் இல்ல. தூக்கத்துல 'எறங்கு எறங்கு'ன்னு கத்துறேனாம். எங்கூட்டு அம்மாவுக்குத்தான் பேஜாரு" என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த முறை மல்லாட்டைச் செடி பிடுங்குவதற்கு முன்னாலேயே, வரப்பில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று சேதி வந்தது. முன் வண்டி, பின் வண்டி ஆட்கள் எல்லோரும் ஒரே வேனில் வந்தோம். செல்வம் உன் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவனுடைய பெரிய பெண் இப்போது நர்ஸ் வேலை பார்க்கிறாள். மறுநாள் வேலைக்கு வந்ததும் என் கண்டக்டர் கேட்டான். "யாருங்க அவரு? உங்க சொந்தமா?" அவன் புதிது, உன்னைப் பயணியாக மட்டுமே பார்த்தவன். "ஆமா, முன் வண்டி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை என்னைத் திட்டினானே, அந்த டிரைவர். அவனும் புதிதுதான், சங்கத்தில் இல்லை. கூடைக்கார அம்மாவிடம் மல்லாட்டை வாங்கிக்கொண்டு அவன் ஜன்னலுக்குப் போனேன். அடிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பான், கண்ணாடியை ஏற்றப் பார்த்தான்.

"துன்னு. காலையில இருந்து ஒண்ணும் துன்னல இல்ல?"

என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஜல்தியா கௌம்பணுங்களே" என்றான்.

"நேரம் இருக்குது. பொறுமையா துன்னு."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நிஜமாகவே நேரம் இருந்தது. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்வேன், முதலில் பசி ஆறட்டும். தோலை மடியில் போட்டுக்கொண்டு அவன் உரித்துத் தின்பதை, நீ நின்ற மாதிரியே நின்று பார்த்தேன்.

அப்புறம் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். எனக்கு இத்தனை வருஷமாக ஒரு பழக்கம் இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு விசில் கேட்டால், நீ படியில் ஏறிவிட்டாயா என்று இடது பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

இன்றைக்கும் பார்த்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன்.