ஆதாரப் பட்டியலில் மூன்றாவது பெயர்

4 ஜூலை 1978
காலையிலிருந்து தூறல். பள்ளி பஸ் அரை மணி தாமதம். காலுறை இன்னும் ஈரம்.

சரித்திரக் கட்டுரை (எங்கள் தோட்டத்தின் கதை, மலாய் மொழியில்) திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சார் கறார். "கடைசிப் பக்கத்துல யாரு யாரு சொன்னாங்கன்னு பட்டியல் வேணும். அடையாள கார்டு ஐசியில உள்ள பேரு, வயசு, வேலை. பேரு இல்லாத தகவல் வெறும் வாய்ப்பேச்சுலா."

இதுவரை:
1. பள்ளி நூலகப் புத்தகம்
2. ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவர்
3. பக்கத்து வீட்டு பொன்னம்மா அத்தை, கொழுந்து பறிப்பவர்

மூன்றாம் அத்தியாயம் முழுக்க அத்தை சொன்னது. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வந்த காய்ச்சல். ஏழு பேர் போனார்கள் என்றார். விரல் விட்டுச் சொன்ன பெயர்கள் ஆறுதான். ஏழாவது யார், கேட்க வேண்டும்.

5 ஜூலை
கொஞ்சம் வெயில். அம்மா கம்பளியெல்லாம் வெளியே போட்டாள்.

சாயங்காலம் அத்தைக்குக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். உளுந்து களைந்துகொண்டே கேட்டார். "சொன்னவர் பொன்னம்மா" என்றதும் கை நின்றுவிட்டது.

"அவ எங்க சொன்னா? அவதான் அந்த ஏழாவது ஆளு."

பொன்னம்மா அவருடைய அக்காவாம். பதினாறு வயதில் காய்ச்சலில் போனவள். அப்போது தங்கைக்குப் பதிமூன்று. அந்த வயதுக்குப் பெரியாள் வேலை இல்லை. கங்காணி ஆள் பட்டியலில் செத்தவள் பெயரை அடிக்காமல் அந்த இடத்தில் இவரை நிறுத்திவிட்டார். பிறகு ஐசியும் அதே பெயரில்.

"எம்பேரு அலமேலு. அம்மா போனப்பொறம் அப்படி யாரும் கூப்புட்டதில்ல. தெனம் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல அக்கா பேரத்தான் கூப்புடுவாங்க. கொஞ்சம் பொறுத்துதான் இருக்கேன்னு சொல்லுவேன். ஒருவேள அவ வந்துட்டான்னா?"

சிரிக்காமல் சொன்னார்.

6 ஜூலை
மூடுபனி. வாசலுக்கு எதிரே இருக்கும் தேயிலை கூடத் தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது எங்கள் வீடு வரை கேட்கும். இத்தனை வருடம் அது வெறும் சத்தம். இன்று "பொன்னம்மா!" என்றதும் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். பதில் வர நேரமானது. யாருடைய குரல் வருமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு முன்பே தெரியும்.

"லயத்துல எல்லாருக்கும் தெரியும்லா. யாரும் எழுதி வச்சதில்ல. நீ எழுதித் தொலைக்காத. ஐசி போச்சுன்னா வேலையும் போச்சு, வீடும் போச்சு."

நல்ல கட்டுரையைத் தோட்டத் துரையே வாங்கிப் படிப்பாராம். கிராணியும் படிப்பார். அலமேலு என்று போட்டால் அத்தை தெருவில். பொன்னம்மா என்று போட்டால் நான் எழுதுவது பொய். தூக்கம் கெட்டது.

8 ஜூலை
பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். பசை, கோடு போடாத தாள், பச்சை மை.

அத்தையிடம் சொன்னேன், மூன்றாம் அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன், மார்க் போனால் போகட்டும் என்று.

"எடுக்காதம்மா. போனவங்கள நீ ஒருத்திதான் எழுதிருக்க." பிறகு, "எம்பேர ஒருதரம் எழுதிக் காட்டு."

எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தார்.

"நாலே எழுத்தா?"

தாளை மடித்து அடுப்பில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"பாத்தாச்சு. அக்கா பேரயே போடு."

10 ஜூலை
மழை. கட்டுரை கொடுத்தாயிற்று.

3. பொன்னம்மா, வயது 47, கொழுந்து பறிப்பவர். நேரில் சொன்னது.

பதினாறைத் தாண்டாதவளுக்கு நாற்பத்தேழு என்று என் கையால் எழுதினேன். சார் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். மூன்றுக்கும் சிவப்பு மையில் டிக்.

"இப்பதான் ஒழுங்கா இருக்கு" என்றார்.