மோட்டார் ரூம் சாவி

மார்ச் 2, ஞாயிறு

குடியிருப்போர் சங்கத்துக்கு இனி நான்தான் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் என் தலையில் கட்டிவிட்டார்கள். எட்டு வீடு, பதினாறு பேர். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பேசாமல் இருந்தது என் அண்ணன் ஒருத்தன்தான்.

அவன் மூன்றாம் மாடி, என் வீட்டுக்கு நேர் மேலே. அவன் குளியலறைத் தண்ணீர் என் கூரையில் ஒழுகுகிறது என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே குழாயைச் சரிசெய்துவிட்டான். என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டான். இரண்டு வருஷம் ஆகிறது.

மார்ச் 9

கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளாளுக்கு மோட்டார் போட்டுச் சண்டை வந்ததால் மோட்டார் ரூமுக்குப் பூட்டு உண்டு. சாவியை யாரும் பையில் போட்டுக்கொண்டு போகாமல் இருக்க அதில் ஒரு சாண் கட்டை கட்டியிருக்கிறது. இனி அந்தக் கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

முதல் மாடித் தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அவருக்குத்தான் அது இன்னும் தெரியாது.

மார்ச் 16

அப்பாடா, மனிதர்களாகிவிட்டோம்! ஒருவர் பேச, பதினைந்து பேர் கேட்கிறார்கள். இருமல் வந்தவர்கூட எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார்.

அண்ணன் சாவியை வாங்கி, எரியாத விளக்கைப் பற்றி இருபது நிமிஷம் பேசினான். "செயலாளர் அவர்களே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவர்களேவாம்! பேசி முடித்துவிட்டு என்னைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குச் சாவியைக் கொடுத்தான்.

மார்ச் 20

தலைமையாசிரியரின் மனைவி வந்து சாவியைக் கடன் கேட்டார். "ஒரு மணி நேரம் குடும்மா. நாப்பது வருஷமா அவரே பேசறாரு." கொடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா, தெரியவில்லை.

வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டு, ரூமைப் பூட்டி, கூட்டத்துக்குச் சாவியைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் எடுத்தான். குளியலறைக் கதையை இன்றைக்குத்தான் ஆரம்பித்தான். "சொந்தத் தங்கச்சிங்க. இருபது படி ஏறி வந்து, அண்ணே ஒழுகுதுன்னு வாயால சொல்லியிருக்கலாம். எழுத்துல குடுத்தாங்க."

 பதில் சொல்லலாம் என்றால் சாவி அவனிடம்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாட்ச்மேன் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். "சார், டேங்க்கு—"

"சாவி!" என்று எல்லாரும் அதட்டினார்கள். அதையும் சாவி இல்லாமல்தான் சொன்னார்கள்.

பாவம், அவர் கையை மேலே காட்டினார், கீழே காட்டினார். தலைமையாசிரியர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, வலியா என்று சைகையிலேயே விசாரித்தார். அதற்குள் படிக்கட்டில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு செருப்பு மிதந்து வந்தது, பிறகு அதன் ஜோடி. எல்லாரும் சத்தமில்லாமல் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். நானும்தான்! விதி போட்டவளே மீறினால் எப்படி? படிக்கட்டுக்கு முதுகு காட்டி நின்ற அண்ணன் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்.

எவ்வளவு நேரம் பொறுப்பது?

"அண்ணே, மோட்டாரு! உன் வீட்டுக்குள்ளதாண்ணே தண்ணி போகும்!"

"சாவி எங்கிட்ட இருக்கு. நீ பேசாத." அப்புறம்தான், "என்னது?" என்று திரும்பிப் பார்த்து ஓடினான்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, பேசாத.

மார்ச் 31

சாவி விதி ரத்து. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 2

சாயங்காலம் மணி அடித்தது. வாசலில் அண்ணன், கையில் ஒரு தாள்.

"செயலாளர்கிட்ட புகார் குடுக்கணும்."

மொட்டை மாடித் தண்ணீரால் அவன் வீட்டுக் கூரை முழுக்க ஊறிவிட்டதாம். பெறுநர், செயலாளர். அனுப்புநர், அவளுடைய அண்ணன்.

"வாயால சொன்னா ஆகாதா?"

"எழுத்துல வாங்கினா எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்."

தெரிந்தது. வலித்தது. "தப்புதாண்ணே. மேல வந்து சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவன் உள்ளே வந்து என் கூரையை அண்ணாந்து பார்த்தான். "இந்தக் கறைக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலையா? நாளைக்கு எங்க வீட்டுக்கு ஆள் வர்றான். முதல்ல இங்க அனுப்பறேன்."

பிறகு உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் பேசினான். என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.