வியாழன் எம்.பி.

லா சப்பல், பாரிஸ், 20 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் வேலைக்கு வெளிக்கிடும்போது நீங்கள் நித்திரை, நீங்கள் ரெஸ்டோரண்டால் வரும்போது நான் நித்திரை. அம்மாவிடம் சொல்லிவிட்டால் பாதிதான் வந்து சேரும். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. அதனால் சோற்றுப்பானை மூடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நகரசபைத் தேர்தலுக்கு என் பெயரை வேட்பாளர் பட்டியலில் போடச் சம்மதம் கேட்டதையும், நீங்கள் வேண்டாம் என்றதையும் பற்றிய கடிதம் இல்லை இது. பெப்ரவரி இருபதுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

விசயம் வேறு. நேற்று எங்கள் அலுவலகம் நடத்திய மாநாட்டுக்கு ஆபிரிக்க எம்.பி.மார் வந்தார்கள். நான் வாசலில் பெயர் அட்டை கொடுக்கிற ஆள். கானாவிலிருந்து வந்த ஒருவர் தன் அட்டையை வாங்காமல் என் அட்டையில் இருந்த உங்கள் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாகமணி? கிளிநொச்சி நாகமணி?" என்றார். பிறகு, அப்பா, தமிழில்: "அண்ணை சுகமோ? சாப்பிட்டாச்சோ?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. "வியாழன் வந்தவன் எண்டு சொல்லு" என்றார். அவருடைய அட்டையில் இருந்த பெயர் யாவ் அன்சொமா.

யார் அப்பா இந்த வியாழன்? மூன்று கிழமை பாரிஸில் நிற்பாராம். உங்கள் நம்பர் கேட்டார். உங்களைக் கேட்காமல் கொடுக்கவில்லை.

அன்புடன்,
லக்சனா

22.01.2026

பிள்ளை லக்சனா,

சோத்து ஆவி பட்டு மை ஊறிப்போச்சு. இனிமேல் பிரிட்ஜிலை ஒட்டு.

வியாழன் எங்களோடை கோப்பை கழுவினவன். அவையின்ரை ஊரிலை பிறந்த கிழமையைத்தான் பெயராய் வைக்கிறது. யாவ் எண்டால் வியாழக்கிழமைப் பெடியன். நாங்கள் அப்பிடியே கூப்பிட்டம். பகலிலை சட்டம் படிச்சான், பின்னேரம் கோப்பை. பதினொரு வருசம் பிரிபெக்தூர் கந்தோருக்கு அலைஞ்சு பிரெஞ்சு நசனாலிட்டி எடுத்தவன். 2015இலை ஒருநாள் கேக்கோடை வந்து, அந்த நசனாலிட்டியைத் திருப்பிக் குடுக்க எழுதிப்போட்டன் எண்டான். வேறை நாட்டுப் பிரசையாய் இருந்தால் கானாவிலை எம்.பி. ஆகேலாதாம்.

எனக்கு இண்டைக்கும் அகதி அட்டைதான். "விசரா, உந்தக் கடுதாசிக்காக எத்தினை சனம் கடலிலை போனது தெரியுமோ" எண்டு எல்லாருக்கும் முன்னாலை கத்திப்போட்டன். கேக்கை வெட்டாமலே வைச்சிட்டுப் போயிட்டான். பிறகு கதை பேச்சில்லை.

நம்பரைக் குடுக்காதை. எந்த முகத்தோடை கதைக்கிறது.

அப்பா

பி.கு. நண்டுக்கறி இருக்கு. அம்மாவுக்கும் விட்டு வை.

28 ஜனவரி 2026

அன்புள்ள அப்பா,

நம்பரைக் கொடுக்கவில்லை. ஆனால் அவரோடு ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடை ஒன்றில் தேத்தண்ணி குடித்தேன். மூன்று வடை சாப்பிட்டார். ஒரு எம்.பி. கையைத் துடைக்க என்னிடம் கடதாசி கேட்டார், அப்பா.

உங்களில் கோபமா என்று கேட்டேன். "அண்ணை கத்தினது சரிதான். முதல் தேர்தலில் தோற்றபோது நானே என்னைப் பார்த்து அப்படித்தான் கத்தினேன். பிரான்சும் போச்சு, பதவியும் இல்லை" என்று சிரித்தார்.

அந்த முறை ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்தாராம். சனம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பிரான்ஸ்காரன் எங்கள் செத்தவீடு எதற்காவது வந்தவனா? அங்கே செத்தவீடு சனிக்கிழமைகளில்தான். ஊரே கறுப்பும் சிவப்பும் உடுத்துப் போகும். அதன் பிறகு நாலு வருசம், ஒரு சனி விடாமல் போயிருக்கிறார். பேசப் போகவில்லை, கதிரை அடுக்கப் போனார். தனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்ததாம். கிழமையில் கிடைக்கிற ஒரே லீவையும் நீங்கள் ஆரோ ஒருவரின் செத்தவீட்டில் நின்று கழிப்பீர்களாம். "என்ரை தொகுதியில் நின்றால் அண்ணை என்னைத் தோற்கடிப்பார்" என்றார்.

இரண்டாம் முறை வென்றார், மூன்றாம் முறையும் வென்றார். இப்போது விடிய எழும்பினால் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் சனம். ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குத் தண்ணீர்க் குழாய். அதற்குப் பிறகுதான் பல் தீட்டுவாராம்.

என் பட்டியலைப் பற்றியும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எத்தனையாம் இடம் என்று கேட்டார். மேலிருந்துதானே ஆள் எடுப்பார்கள், நான் பத்தொன்பது என்றேன். "வெல்லாத இடம். பயமில்லாமல் நிற்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நிற்கத்தான் வேண்டும் என்றும் வந்தது.

லக்சனா

8.2.2026

பிள்ளை,

வியாழன் நேரை ரெஸ்டோரண்ட் குசினிக்கே வந்திட்டான். கோட்டைக் கழட்டிப்போட்டு ரண்டு சட்டி கழுவினான். முதலாளிக்கு வேர்த்துப்போச்சு. நான் மன்னிப்புக் கேக்க வெளிக்கிட, "கேக் எங்கை அண்ணை?" எண்டான். அவ்வளவுதான்.

உன்ரை விசயம். எங்கடை ஊரிலை ஒராளின்ரை பெயரும் படமும் சுவரிலை ஏறினால் அது கண்ணீர் அஞ்சலி. இஞ்சையும் கடைக் கண்ணாடியிலை அதுதான் ஒட்டிக்கிடக்கு. உன்ரை முகத்தை அப்பிடிப் பாக்க எனக்குப் பயம். வேறை ஒண்டுமில்லை.

கையெழுத்தை வை.

அப்பா

3 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டியல் அச்சாகிவிட்டது. பத்தொன்பதாவது வரியில் நாகமணி லக்சனா. பேப்பர் சூடாய் இருந்தது. பஸ்ஸில் நாலு தரம் எடுத்துப் பார்த்தேன்.

போன ஞாயிறு முதல் தடவை துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போனேன். ஒரு மணித்தியாலத்தில் மூன்று. ஒன்று ஜப்பான்காரச் சுற்றுலாப் பயணிக்கு. மரக்கறிக் கடைச் சவரியம்மாள் அன்ரி கூப்பிட்டு "நீர் ஆற்றை பிள்ளை?" என்றா. உங்கள் பெயரைச் சொன்னேன். உடனே கதிரை, தேத்தண்ணி. தன் மனுசன் செத்தபோது பொபினிச் சவக்காலையில் மழைக்குள் நின்று குடை பிடித்தது நீங்கள்தான் என்றா. எனக்கு இது தெரியாது அப்பா. இருபது பிரசுரம் வாங்கி வைத்தா. அடுத்த கடை வாசலில் எனக்குத் திரும்பவும் குரல் வரவில்லை. மிச்சத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்கு இங்கே வாக்கு இல்லை என்று தெரியும். பயம் முழுக்கப் போகவில்லை என்றும் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளும் கேட்கவில்லை.

வாற ஞாயிறு பகல் என்னோடு ஒருக்கா வருவியளோ? நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பேசுவது நான். பக்கத்தில் மட்டும் நில்லுங்கோ.

உங்கள் மகள்,
லக்சனா