கறுப்பியின் நெஞ்சுச் சத்தம்

உன் துடுப்பு கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. இன்று மழை. ஈர மரத்திலிருந்து வாவியின் மணம் கிளம்பியதும் கறுப்பி எழுந்துபோய் அதன் அடியில் படுத்துக்கொண்டது. உன் நாய். நீ போன பிறகு என்னிடம்.

வவுணதீவுக் கரையில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காது வைத்து, இந்த வாவியில் பாடும் என்று ஊர் சொல்லும் மீன்களைக் கேட்பாய். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. இட்டுக்கட்டுகிறாய் என்றே நினைத்தேன். அதே காதைத்தான் குட்டியாயிருந்த கறுப்பியின் நெஞ்சில் வைத்தாய்.

"மச்சான், இதுக்குள்ள என்னவோ கசியுது."

மிருக வைத்தியரும் அதையே சொன்னார். பிறவியிலேயே இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. இங்கே சத்திரசிகிச்சை செய்ய வழியில்லை. வெளிநாட்டில் நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுத் தைக்கிறார்களாம். தன் போனில் வீடியோ காட்டினார்.

நான் நம்பவில்லை. மேசையில் கிடந்த நாயும் பிறகு புல்லில் ஓடிய நாயும் ஒன்றுதானா? காதுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டாய், "நிப்பாட்டின இதயம் திரும்ப அடிக்குமா டொக்டர்?"

"பெரும்பாலும் அடிக்கும்."

"அந்த நேரம் அதுக்கு ஏதும் விளங்குமா?"

"என்னடா, உன்னையா வெட்டப்போறாங்க?" என்றேன். வைத்தியர் சிரித்தார். நீயும் சிரித்தாய்.

திரும்பும்போது, தோணியில் கேட்டாய்:

"நீயெண்டா செய்விப்பியா?"

"நிப்பாட்டுற ஆக்கள நம்பி நெஞ்சக் குடுக்கவா? ஓடுமட்டும் ஓடட்டும், விடு."

"ஓம்," என்றாய். பிறகு கரைவரை நீயே துடுப்புப் போட்டாய்.

உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து எல்லோரும் போனபின், உன் அக்கா ஒரு கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்தார். உன் பெயர். உனக்கும் அதே ஓட்டை. சத்திரசிகிச்சைக்கு வரச்சொன்ன திகதி, நாங்கள் கறுப்பியைக் காட்டப்போன நாளுக்கு அடுத்த கிழமை.

"போறன் எண்டுதான் சொன்னவன் தம்பி. பிறகு ஏன் போகல்ல எண்டு தெரியா."

எனக்குத் தெரியும். கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

வைத்தியரை, வீடியோவை, மீனின் பாட்டை, எல்லாவற்றையும் சந்தேகித்தவன் நான். உன் கேள்விகளை நாயின் கேள்விகள் என்று அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒருவேளை நீ முன்பே முடிவெடுத்திருக்கலாம். அப்படி நினைக்கும்போது கொஞ்சம் மூச்சு வருகிறது. அதனாலேயே அந்த நினைப்பையும் நம்ப முடியவில்லை.

காலையில் கறுப்பியின் நெஞ்சில் காது வைக்கிறேன். மெல்லிய கசிவு. இது எனக்கும் கேட்கிறது.

நேற்று வைத்தியர் அழைத்தார். வெளிநாட்டிலிருந்து சத்திரசிகிச்சைக் குழுவொன்று கொழும்புக்கு வருகிறதாம். ஒரு சில நாய்களுக்குத்தான் இடம். கறுப்பியின் பெயரைக் கொடுக்கவா என்று கேட்டார். இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். இதற்கு முன் எத்தனை செத்தன என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். ஒன்றையும் நான் முழுதாக நம்பவில்லை.

ஓம் என்றேன்.