ஓதின தண்ணீரை அடுப்பில் வைத்தீர்களே, மதினி

மதினி,

இப்போது நம் நடு அறையில் இருப்பவர்கள் மூன்று பேர்: நான், உங்கள் தம்பி, கட்டிலில் வயிற்றோட்டத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். பொத்துவில் கடலுக்குப் போய்த் திரும்பும் வழியில் பஸ்ஸில் சுருண்டுவிட்டாள். டாக்டர் மருந்து கொடுத்து, "தண்ணிய விடாமக் குடுங்க" என்று அனுப்பினார். பள்ளிவாசல் லெப்பை குர்ஆன் ஓதி ஊதித் தந்த தண்ணீர் போத்தலில் இருக்கிறது. அதைத் தொட மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். உடனே உங்கள் நினைப்புத்தான் வந்தது.

முன்பொரு நாள் நீங்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த வெள்ளைக்காரியும் இப்படித்தான் உதட்டை இறுக்கிக்கொண்டாள். விரல்களால் குமிழி கிளம்புவதுபோல் காட்டினாள். கொதித்த தண்ணீரைத் தவிர எதையும் குடிக்காதே என்று அவளுடைய நாட்டு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"வேற தண்ணி காய்ச்சுவம் மதினி" என்றேன்.

"ஆர்ர புள்ளயோ, உம்மாவும் பக்கத்தில இல்ல. ஓதின தண்ணியும் இல்லாமப் போகோணுமா?" என்று போத்தலைச் சட்டியில் கவிழ்த்து அடுப்பில் வைத்தீர்கள்.

வாசலில் நின்ற லெப்பை பதறிப்போனார். "ஓதின தண்ணிய நெருப்பில வைக்கிறயா? உனக்கென்ன விசரா புள்ள?"

"ஓம், விசர்தான். நீங்க வந்து அவட வாயத் திறந்து ஊத்துறீங்களா?"

லெப்பை சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார். அவள் குடித்தாள், தேறினாள். லெப்பை தன் ஓதலால் என்றார். அன்று மருந்து கொடுத்த டாக்டர் தன் மருந்தால் என்றார். ஷிபா என்னும் சுகத்தைத் தருபவன் அல்லாஹ். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் கொதிக்கும்போது உங்கள் உதடுகள் அசைந்தன, மதினி. பாவமன்னிப்புக் கேட்டீர்களா, திரும்ப ஓதினீர்களா? அடுப்பை ஊதிக்கொண்டிருந்த நான் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன், அதற்குள் நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டீர்கள்.

இவளுக்கு வெறும் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறேன். எத்தனை கோப்பை என்று குறித்தும் வைக்கிறேன். குறிப்புச் சரியாக இருக்கிறது, என் மனம்தான் சரியில்லை. கண்கள் உள்ளே போய்க் கிடக்கிறாள். உம்மா இல்லாத இடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதை நான் தடுக்கிறேனா? அல்லது அந்தப் போத்தல் தண்ணீரை நெருப்பில் வைத்தால் ஓதினதை அவமதித்தவள் ஆவேனா? உங்கள் தம்பியிடம் கேட்டால், "உன்ட மதினியும் நீயும் பட்ட பாடு, நீயே பாரு" என்கிறார்.

நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டுச் சற்றுக் கண்ணயர்வேன். கனவில் வந்து, அன்று என்ன ஓதினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நான் எழும்பு முன்னே கெதியாச் சொல்லுங்கள், மதினி. அந்தப் போத்தலை நான் என்ன செய்ய?