எண்பது டிகிரி

பிப்ரவரி 9, ஞாயிறு
மணிமுத்தாற்று மணலில் நாற்பது அம்பு. வேப்பூரிலிருந்து கனகா அக்கா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஸ்கூலில் பி.டி. டீச்சர். என்னைவிட நன்றாக எய்கிறாள். எழுத எரிச்சலாக இருக்கிறது, ஆனால் உண்மை.

வில் 1968இல் செய்தது. நடுவில் மரம், இரண்டு பக்கமும் கண்ணாடியிழைத் தகடு, இடையில் பசை. அவ்வளவுதான். குறி பார்க்கும் கருவி கிடையாது, கப்பி கிடையாது. புது வில்லில் திருகைத் திருப்பித் தப்பைச் சரிசெய்யலாம். இதில் தப்பு என் விரலில்தான் இருக்கிறது. முழுதாக இழுத்ததும் நாண் கன்னத்தைத் தொடும் ஒரு நொடி உண்டு. டீ ஆறும்வரை பொறுக்காத நான் அந்த ஒரு நொடி மட்டும் சும்மா இருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கிழட்டு வில்.

“டேய் பாரி, இவரு நம்ம அப்பாவவிடப் பெரியவருடா. மரியாதையா இழு” என்றாள்.

பிப்ரவரி 12, புதன்
வில்லின் கீழ்ப்பாதி முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாணைக் கழற்றாமல் சுவரில் சாய்த்துவைத்தது நான்தான். அக்காவுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பாள்.

பிப்ரவரி 13, வியாழன்
வெந்நீர் ஊற்றி, கையால் மெல்லத் திருகி, நாள்கணக்கில் நேராக்க வேண்டுமாம். யாருக்கு இருக்கிறது அவ்வளவு பொறுமை? எங்கள் பீங்கான் கம்பெனியில், சூளையில் சுடும் முன் பச்சைக் கோப்பைகளைக் காயவைக்கும் டிரையரில் வைத்தேன். எண்பது டிகிரி, மூன்று மணி நேரம், மேலே செங்கல் பாரம். ஆயிரத்து இருநூறில் சூளை ஓட்டுகிறவனுக்கு எண்பதெல்லாம் ஒரு சூடா?

கோப்பைகளைச் சோதிக்கும் கலியமூர்த்தி அண்ணன் எட்டிப்பார்த்தார். “என்னா தம்பி, வில்லுக்கும் பளபளன்னு கிளேஸ் அடிக்கப் போறீங்களா?”

நேராகிவிட்டது. அம்பு மாதிரி நேர்.

பிப்ரவரி 15, சனி
அக்கா வந்து வில்லை வாங்கிப்போனாள். நாளைக்கு அவள் வீட்டுக் கொல்லையில் எய்யப்போகிறாளாம். கொடுக்கும் முன் ஒரு தடவை இழுத்துக் காட்டினேன். கீழே ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம்.

“என்னாடா அது?”

“நாண் உக்காருது.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு
சூளைக்கு ஏது ஞாயிறு. காலை எட்டு மணி, கலியமூர்த்தி அண்ணன் சுட்ட கோப்பைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கணீர். கணீர். டொக். அந்த ‘டொக்’கைத் தூக்கிக் குப்பையில் போட்டார். விரிசல் கண்ணுக்கே தெரியவில்லை.

தினமும் ஆயிரம் கோப்பையைத் தட்டிப் பார்க்கிறவன், வில்லை ஒரு தடவை தட்டினேனா? போனில் தேடினேன். பழைய பசை அறுபது டிகிரிக்கே இளகிவிடுமாம். நான் வைத்தது எண்பது. எண்பது!

போன் போட்டேன். எடுக்கல. மறுபடியும். எடுக்கல. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன் — எய்யாத அக்கா, இன்னைக்கு மட்டும் எய்யாத — வேப்பூர் பஸ் நிக்குது, டிரைவர காணோம். பதினோராவது தடவ எடுத்தது அக்கா வீட்டுக்காரர், குருமூர்த்தி மாமா.

“பாரி, வில்லு ஒடைஞ்சி கண்ணுல அடிச்சிடுச்சிடா. ரத்தம் நிக்கல. காரு வெச்சி உங்க ஊருக்குத்தான் இட்டாரோம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

எந்தக் கண்ணுன்னு கேக்கல. கேக்க முடியல.

பிப்ரவரி 17, திங்கள்
வலது புருவத்தில் நாலு தையல். கண் வீங்கி மூடிக்கிடக்கிறது. வீக்கம் வடிந்து, கட்டைப் பிரித்த பிறகுதான் பார்வை பற்றிச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

ஏழாவது அம்பாம். கீழ்ப்பாதியில் தகடு பிரிந்து சிம்பு தெறித்திருக்கிறது.

படுத்தபடியே கேட்டாள். “நாண் உக்காந்துச்சாடா?”

எல்லாவற்றையும் சொன்னேன். நாணைக் கழற்றாதது, டிரையர், செங்கல்.

“எத்தினி டிகிரி?”

“எண்பது.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்
அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆபீஸ் படியில் இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது படி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு
கட்டைப் பிரித்தார்கள். மாமா உள்ளே போனார். நான் வராந்தாவில் நின்றேன். கதவு வழியாக அவள் எழுத்துகளைப் படிப்பது கேட்டது. ட... ப... ம... அடுத்து நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடைசி வரி முழுதும், ஸ்கூலில் ஆஜர் எடுக்கிற குரலில்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
காலை ஆற்றங்கரைக்கு வரச்சொல்லி அக்காவின் மெசேஜ். ஏழு வாரத்தில் முதல் மெசேஜ்.

அவள் கையில் இன்னொரு வில். அதுவும் பழசு, 1971. அவளே தேடி வரவழைத்திருக்கிறாள்.

“புதுசு வாங்கக்கூடாதா?” என்றேன்.

“அதுல எய்யறது மெஷினுடா. நான் இல்ல.” புருவத்தில் தழும்பு வெளுப்பாக ஓடியது. வில்லை என் கையில் கொடுத்தாள். “மொதல்ல நீ இழு.”

மேலே தட்டினேன், கீழே தட்டினேன், விரலால் தடவினேன், மறுபடி தட்டினேன். அவசரப்படுத்தாமல் நின்றாள். இழுத்தேன். நாண் கன்னத்தைத் தொட்டது. முன்பு சும்மா இருந்த அந்த ஒரு நொடியில், இப்போது உடம்பெல்லாம் காது.

எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மெல்லத் தளர்த்தி அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவ” என்றாள்.