கூழில் கரைத்த மாத்திரை

உத்திரமேரூர்
4.2.2024

அன்புள்ள மாமாவுக்கு அம்முலு எழுதுவது.

வெளியே சொன்னால் வெட்கம், உன் லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் நைட்டியை மாடு மென்றுவிட்டது. “அண்ணனவிட உனக்குத்தான் எடுப்பா கீது” என்கிறாள் பக்கத்து வீட்டுச் சுகிர்தா. நீ போனைக் கிணற்றில் போட்டாய், மூன்றாவதோடு நின்ற எனக்கு எழுத்து வேலை வந்தது.

அக்கா வீட்டுக்குப் போன பிறகாவது கோபம் தணிந்ததா? உனக்குத் தெரியாமல் கூழில் மாத்திரை கரைத்தது தப்புதான். சரியாகக் கரைக்காமல் உன் பல்லில் மாட்டியது அதைவிடத் தப்பு. ஆனால் கரண்டு கம்பத்தோடு நீ சண்டை போட்டது மறந்துவிட்டதா? “காதுல ஆளுங்க பேசிக்கினே கீறாங்கடி” என்று அழுதாயே. மாத்திரை உள்ளே போன பிறகுதானே தூங்கினாய், என்னைப் பார்த்துச் சிரித்தாய். மாத்திரையை உன் அக்காவிடமே, அண்ணியிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். விட்டுவிடாதே.

உன் அம்முலு

பழையசீவரம்
11.2.2024

அம்முலுவுக்கு,

காதில் பேசினவர்கள் போனார்கள், சரி. கூடவே என் கையும் போயிற்று. டிராக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மரக்கட்டையாக விறைத்தது. எச்சில் ஒழுகியது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உன்னிடம் அழுதேன். “வயசாகுது மாமா” என்று சிரித்தாய்.

அக்கா டாக்டரைக் கேட்டாள். விறைப்பு வராமலிருக்க இன்னொரு சின்ன மாத்திரையும் கொடுத்தாராமே. அது எங்கே?

இப்போது எதையும் விழுங்குவதில்லை. அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அதில் ஒரு குரல் உன்னுடையது.

வேதகிரி

உத்திரமேரூர்
19.2.2024

மாமா,

சின்ன மாத்திரை கசந்தது. கூழில் போட்டால் கண்டுபிடித்துவிடுவாய் என்று அதை மட்டும் விட்டேன். விறைப்பு அதனால்தான் என்று புரிந்தபோது நீ தூங்க ஆரம்பித்திருந்தாய். வாயைத் திறக்கப் பயம். அதனால் சிரித்தேன்.

நேற்றுப் புளிச்சோறு கொண்டுவந்தேன். “மொதல்ல நீ துன்னு” என்றாய். “இன்னா மாமா, புதுப் பொண்டாட்டி மாதிரி கவனிக்கிற!” என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதிலும் கலந்திருந்தேன் மாமா.

இனி உனக்குச் சோறு கொண்டுவர மாட்டேன். மாத்திரையைக் குறைக்கலாம், மாற்றலாம், ஆனால் உன் கையில்தான் தருவேன் என்கிறார் டாக்டர். வியாழக்கிழமை அண்ணியோடு போ. நான் இருந்தால் நீ வரமாட்டாய், அதனால் நான் அங்கே இருக்க மாட்டேன்.

வாலாஜாபாத்தில் பஸ் மாறியது நினைவிருக்கிறது. உத்திரமேரூர் தாண்டி, வந்தவாசியில் கண்டக்டர் எழுப்பினார். ஒற்றைச் செருப்பைக் காணவில்லை.

அம்முலு